கரண்டி அண்ணனின் திசைகாட்டி

"இந்த முள்ளை நம்பித்தாம்மா முப்பத்தோரு பேர் உசுரோட வீடு வந்து சேர்ந்தோம். இது எந்த நாட்டுச் சரக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்."

கைக்குட்டையைப் பிரித்து, திசைகாட்டியை மேசைமேல் வைத்தார் அந்தப் பழைய சிப்பாய். கைபட்டுக் கைபட்டுப் பித்தளை மூடியில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவருடைய அண்ணி. கூடப் பிறந்த அண்ணனின் மனைவி இல்லை. திசைகாட்டியின் சொந்தக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

போர் அருங்காட்சியகத்தில் கருவிகளை ஆராயும் பெண் அதிகாரி, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தபடியே கேட்டார். "எதிரிகிட்டேருந்து வந்ததா இருக்கலாம்னு போன தடவை பார்த்தவங்க எழுதியிருக்காங்களே?"

"அதைச் சொல்லித்தான் கண்ணாடிப் பெட்டியில வைக்க மாட்டேன்னுட்டாங்க. வைக்காட்டிப் போகட்டும். சமையல்காரன் எங்கேயாவது சுட்டிருப்பான்னு ஒருத்தர் வாய் கூசாம சொன்னார். அதைத்தான் பொறுக்க முடியலை."

"சமையல்காரரா?"

"எங்க படைக்கு அவர்தான் சமையல். கரண்டி அண்ணன்னு கூப்பிடுவோம்." சிப்பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவரைக் கூனவைத்த முதுகுவலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "குண்டு விழுந்ததுல கேப்டன் போயிட்டார். வரைபடம் சாம்பலாயிடுச்சு. ரோடு பூரா எதிரி, மத்த பக்கமெல்லாம் காடு. ஆளுக்கொரு திசையைக் காட்டி அடிச்சுக்காத குறை. அப்பதான் அண்ணன் சட்டைப் பையிலேருந்து இதை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் நிப்பார். உள்ளங்கையில வச்சுப் பார்ப்பார். முள்ளு ஆடி ஆடி நிக்கும். 'இந்தப் பக்கம்'பார். நடப்போம். ரெண்டு நாள். ஒருத்தன் குறையலைம்மா."

அதிகாரி திசைகாட்டியைக் கவிழ்த்து வைத்தார். மெல்லிய திருப்புளியால் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பொடி எழுத்தில் ஓர் எண் இருந்தது. அதைத் தாளில் குறித்துக்கொண்டு, அலமாரியிலிருந்து தடித்த பதிவேடு ஒன்றை இறக்கி விரலை ஓட்டினார். செத்துப்போன கரண்டி அண்ணனின் மானம் அந்த விரல் நுனியில் நின்றது.

"எதிரியோடது இல்லை. நம்ம ராணுவத் தொழிற்சாலையில செஞ்சது. பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியிருக்காங்க."

"அண்ணன் முதல்ல அங்கதான் சமைச்சார். கழிச்சுப் போட்ட சாமான்ல கிடைச்சுதுன்னு சொல்லியிருக்கார். கேட்டீங்களா அண்ணி? திருடினது இல்லை." சிப்பாய் சிரித்தபடி அண்ணி பக்கம் திரும்பினார்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா, சொல்லவே சங்கடமா இருக்கு. இதுக்குள்ள காந்தம் கிடையாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"இது வகுப்புல பாடம் நடத்தச் செஞ்சது. அடியில இந்தச் சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால நகர்த்தினா முள் திரும்பும். வாத்தியார் எந்தப் பக்கம் காட்டணுமோ அந்தப் பக்கம் திருப்பிக்குவார்."

அவர் நகர்த்திக் காட்டினார். முள் ஆடி ஆடி வாசலைப் பார்த்து நின்றது. இன்னொரு முறை நகர்த்தினார். ஜன்னலைப் பார்த்து நின்றது.

சிப்பாய் குனிந்து அந்த முள்ளையே பார்த்தார். இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட முள். பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடமான கதை. "அப்ப எங்களைக் கூட்டிக்கிட்டு வந்தது எது?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"எதுன்னு ஏன் கேக்குறீங்க தம்பி, யாருன்னு கேளுங்க." அண்ணி அப்போதுதான் வாய் திறந்தார். அவர் முகத்தில் துளி அதிர்ச்சி இல்லை. "நீங்கல்லாம் பதுங்குகுழியில இருந்தப்ப, வாரா வாரம் கழுதையை ஓட்டிக்கிட்டு அந்தக் காட்டைத் தாண்டிப் போய் ரேஷன் மூட்டை கொண்டாந்தது யாரு? கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தப்ப மாட்டார்."

"வழி தெரியும்னா வாயால சொல்லியிருக்கலாமே அண்ணி? இந்தப் பொம்மை எதுக்கு?"

அண்ணி திசைகாட்டியைக் கையில் எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தார். கணவர் எதிரில் நிற்பதுபோல் அவர் முகம் மலர்ந்திருந்தது.

"முதல்ல வாயாலதான் சொன்னாராம் தம்பி. 'கரண்டி பிடிக்கிறவன் பின்னாடி பட்டாளம் போகுமா'ன்னு நீங்கதான் சிரிச்சீங்களாம். அதுக்கப்புறம்தான் இதைப் பையிலேருந்து எடுத்தாராம்."