சத்தம் போன வண்டி

"அண்ணே, அந்த டக்டக் சத்தத்த மறுபடியும் வச்சுக் குடுங்கண்ணே."

மெக்கானிக் சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரெஞ்சுத் துரை விற்றுவிட்டுப் போன அந்த மோட்டார் சைக்கிளின் வால்வு இடைவெளியைச் சரிசெய்து, முந்தாநாள்தான் வடிவேலிடம் கொடுத்திருந்தார். இன்றைக்கு அவன் மனைவி கொளஞ்சி, மகளை முந்தானையால் போர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு நெல்லித்தோப்புப் பட்டறைக்குள் வந்து நிற்கிறாள்.

"வால்வு தளர்ந்து கெடந்துதும்மா. அதான் அந்தச் சத்தம். இப்ப பூனை மாதிரி வருது பாரு."

"அது தெருமுனையில கேட்டாலே, அவரு வர்றாருன்னு எனக்குத் தெரிஞ்சுடும்ணே."

"வூட்டுக்காரரு வாசல்ல எறங்குறதுக்குள்ள எல போட்டுடுவியாக்கும்!"

கொளஞ்சி சிரிக்கவில்லை. "சாராயக்கடையிலேருந்து அவரு வந்து சேர்றதுக்குள்ள புள்ளைய பக்கத்து வூட்டுல வுட்டுடுவேன். நேத்து சத்தமே கேக்கலண்ணே."

முந்தானையை விலக்கினாள். குழந்தையின் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டிருந்தது.

சக்கரபாணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வண்டிய எப்படியாச்சும் இங்க அனுப்பும்மா. தளர்த்தி வுட்டுடறேன்."

"குடுக்க மாட்டாருண்ணே. இப்பத்தான் வண்டி வண்டியா இருக்குன்னு ஊரெல்லாம் உங்களப் புகழ்றாரு."

தோளில் கிடந்த குழந்தை சட்டென்று அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இருவரும் திரும்பினார்கள்.

வாசலில் வடிவேல் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவன் வந்து நின்றது இருவருக்குமே கேட்கவில்லை.