ஓர்மைப் பட்டை

“ஓர்மைன்னா என்னங்க?”

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார் மருந்து ஆய்வாளர்.

தக்கலையில் கடை வைத்திருக்கும் ஸ்டெனிக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. அடையாள அட்டையை நீட்டி, அவன் படிக்கும் முன்பே மடக்கிக்கொண்ட ஆள் பேசியது சுத்தமான மெட்ராஸ் பேச்சு. தக்கலைக்காரனாக இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டான்.

“ஒற்றுமை சார். அகராதியிலயே உண்டு.”

பொய் இல்லை. அகராதியில் அப்படியும் இருக்கிறது. ஆனால் தக்கலையில் ஓர்மை என்றால் ஞாபகம். பேசத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியும்.

பெட்டிக்குள் இருந்தது நெற்றியில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டை. உள்பக்கம் இரண்டு உலோகப் பொட்டு, வெளிப்பக்கம் மினுங்கும் பச்சை விளக்கு. டெல்லியிலிருந்து வந்தபோது பெட்டியில் ‘மூளையைத் தூண்டும், நினைவாற்றல் பெருகும்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அப்படிச் சொல்லி விற்றால் அது மருத்துவக் கருவி, உரிமம் இல்லாவிட்டால் கடைக்கு சீல் என்று போன மாதம் ஒருவன் வாட்ஸாப்பில் அனுப்பினான். ஸ்டெனி ஒரே நாளில் நானூறு பெட்டியிலும் அந்த எழுத்தை மறைத்துத் தாள் ஒட்டிவிட்டான்: ‘தினம் இருபது நிமிடம் கட்டுங்கள். ஓர்மை கூடும்.’ வாங்க வருகிறவனுக்குப் புரியும், பிடிக்க வருகிறவனுக்குப் புரியாது. பட்டையைக் கட்டியிருந்த நேரத்தில்தான் இந்த யோசனையே வந்தது என்று அவன் மனதார நம்பினான்.

செல்போன் உறை விற்று மூன்று வருடம் ஈயோட்டிய கடையை எழுப்பி உட்கார வைத்தது இந்தப் பட்டைதான். சீல் விழுந்தால் மாமனாரின் ரப்பர் ஷீட் கடையில் போய் நிற்க வேண்டும். மாமனார் அந்த நாளுக்காகவே ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

“இந்தப் பொட்டு வழியா தலைக்குள்ள கரண்ட் போகுமா?”

“கரண்டெல்லாம் இல்ல சார். ஒரு சுகம் போகும்.”

ஆய்வாளர் ‘சுகம்’ என்று எழுதிக்கொண்டார். உடம்புக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டார். ஸ்டெனி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். அங்கே பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

“ஆறு மாசமா காலையில கெட்டினா, கடையடைக்கும்போதுதான் அவுக்குகேன். எனக்கு ஏதாவது ஆயிருக்கா, நல்லாப் பாருங்க.”

ஆய்வாளர் நன்றாகத்தான் பார்த்தார், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. தன் இடது புருவத்துக்கு மேலிருந்த பழைய தழும்பைச் சொறிந்தபடி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராஜபாய் உள்ளே வரவேண்டுமா? பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். அவள் கணவர் சபைக் கோயிலில் மணியடிக்கிறவர். கையிலிருந்த பட்டையை மேசைமேல் போட்டாள்.

“ஸ்டெனி மக்கா, இத நீயே வச்சுக்கோ. எனக்க வீட்டுக்காரருக்கு ஒரு பொட்டு ஓர்மை கூடல்ல. நெத்தியில கெட்டிக்கிட்டே, பட்டை எங்க பட்டை எங்கன்னு வீடு முழுக்கத் தேடுகாரு.”

ஆய்வாளர் நிமிர்ந்தார். ஸ்டெனி முந்திக்கொண்டான். வீட்டில் ஒற்றுமை இல்லை என்று அம்மா வருத்தப்படுகிறார், பட்டையைப் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும், ஒருவர் மட்டும் கட்டினால் ஒற்றுமை எப்படி வரும் என்று விளக்கினான்.

ராஜபாய் அதைக் காதில் வாங்கவில்லை. “ஞாயித்துக்கெழம மணி அடிச்சாரு. அடிச்ச ஓர்மை இல்லாம திரும்பவும் போய் அடிச்சாரு. போதகர் பாதி ஜெபத்துல கண்ணத் தொறந்துட்டாரு.”

“சபையில ரெண்டு கோஷ்டி சார்,” என்றான் ஸ்டெனி. “ஆளுக்கொரு மணி.”

“ஏது கோஷ்டி லே?”

அவள் தோளைப் பிடித்து வாசல் பக்கம் நகர்த்தினான் ஸ்டெனி. நாளைக்கு வந்தால் புதுப் பட்டை தருவதாகச் சொன்னான். நாளைக்கு உனக்கு ஓர்மை இருக்குமா என்று கேட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். ஒற்றுமை இருக்கும் என்று ஆய்வாளரைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தான் ஸ்டெனி.

ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினார். ஞாபகம், மூளை என்று வந்திருந்தால் நடவடிக்கை எடுக்கலாம், ஒற்றுமையை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று அலுத்துக்கொண்டார். ஸ்டெனிக்குக் காலில் தரை தட்டுப்பட்டது. எதிர்க்கடையிலிருந்து சாயாவும் ரசவடையும் வரவழைத்தான். ஆய்வாளர் நிதானமாகத் தின்றார், குடித்தார், கையைத் துடைத்தார்.

பிறகு பையைத் திறந்து சீல் வைக்கிற அரக்கையும் சணல் நூலையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது எதுக்கு சார்?” என்றான் ஸ்டெனி. நெற்றியில் பச்சை விளக்கு மினுங்கியது.

“பத்தாங்கிளாஸ் முழுக்க ஒரே பெஞ்சுல இருந்தோம். இந்தத் தழும்பு நீ டஸ்டர எடுத்து எறிஞ்சதாக்கும்,” என்றார் ஆய்வாளர், அசல் தக்கலைப் பேச்சில். “என்னை ஓர்மை இல்லியா மக்கா?”