ஒரே குலுக்கலில் எழுந்தவர்

கட்டில் ஒரு குலுங்கு குலுங்கியது. பங்கஜாக்ஷன் மாஸ்டர் முழித்துக்கொண்டார். ஆனால் கண்ணை மட்டும் திறக்கவில்லை.

"எழுந்துட்டேன் ஓமனா. ஒரே குலுக்கல்ல எழுந்துட்டேன், பார்த்துக்கோ" என்று கண்ணை இறுக்கி மூடியபடியே எழுந்து உட்கார்ந்தார்.

பதில் இல்லை. அதுவும் அவர் எதிர்பார்த்ததுதான். படுக்கப் போகும்போதே ஓமனா சொல்லியிருந்தாள்: "நாளைக்கு விடியக்காலைல நான் வாயே திறக்க மாட்டேன். திறந்தா உங்களைத் திட்டத்தான் வரும். விஷு அன்னிக்கு மொத வார்த்தை திட்டா இருக்க வேண்டாம்."

மாஸ்டரின் தூக்கம் வடகரை முழுக்கப் பிரசித்தம். பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் டிரில் வகுப்பைப் பையன்கள் தாங்களே நடத்திக்கொள்வார்கள். இரண்டாவது பீரியடில் மாஸ்டர் வந்து விசில் ஊதுவார். அதையெல்லாம் ஊர் மன்னித்துவிட்டது. போன வருஷ விஷுவை மட்டும் ஓமனா மன்னிக்கவில்லை.

மலையாள வருஷப் பிறப்பான விஷு அன்று காலையில் கண்ணை மூடிக்கொண்டே போய், முதல் பார்வையாக, பழமும் பூவும் தங்கமும் அடுக்கி வைத்த கனியைத்தான் பார்க்க வேண்டும். போன வருஷம் எழுப்பி எழுப்பி அவளுக்குக் கை ஓய்ந்துபோனது. கடைசியில் வெயில் மூஞ்சியில் அடித்து மாஸ்டர் கண்ணைத் திறந்தபோது எதிரே இருந்தது துடைப்பம். அதற்கப்புறம் வீட்டில் எது நடந்தாலும், ஸ்கூட்டர் மேல் பலாப்பழம் விழுந்தது உட்பட, எல்லாவற்றுக்கும் துடைப்பம்தான் காரணம்.

"இந்தத் தடவையும் எழுந்திரிக்கலேன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன் மாஷே. ஸ்கூல் திறக்கிற வரைக்கும் நீங்களே பொங்கித் தின்னுங்க."

மாஸ்டருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதனால் கனி வைத்த அறைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று கூடத்தில் கட்டிலைப் போட்டார். புழுக்கத்துக்காக வாசல் கதவைத் திறந்து வைத்தார். ஓமனா தலைமாட்டில் அலாரத்தோடு உள்ளறையில் படுத்தாள்.

இப்போது அவர் கையைக் காற்றில் நீட்டினார். "வா, கூட்டிட்டுப் போ. சத்தியமா கண்ணைத் திறக்கல."

காலடி ஒன்று தயங்கித் தயங்கி நெருங்கியது. பிறகு ஒரு கை வந்து அவர் கண்களைப் பொத்தியது. இன்னொரு கை முதுகில் பட்டு, மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. போன வருஷம் முகத்தில் சொம்புத் தண்ணீரைக் கொட்டியவளா இவள் என்று மாஸ்டருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கை என்ன இப்படிக் காய்ச்சுக் கிடக்கு? தேங்காய் துருவித் துருவியா?"

அந்தக் கையைத் தடவிக் கொடுத்தார். "இத்தனை வருஷமா நான் கவனிக்கவே இல்லையே. இனிமே நான் துருவறேன் ஓமனா. ஞாயித்துக்கிழமையாவது."

முதுகிலிருந்த கை இரண்டு தட்டு தட்டியது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவரை மணையில் உட்கார வைத்தாயிற்று. அவர் கைகளையே எடுத்து அவர் கண்மேல் வைத்தாயிற்று. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது, திரி எரியும் வாசனை வந்தது. மாஸ்டருக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த இடத்தில் ஒரே ஒரு குறை உறுத்தியது.

"ராத்திரி வளையலையும் கனில வைக்கணும்னு கேட்டே. சாவி தேட அலுத்துக்கிட்டு நாளைக்குப் பார்க்கலாம்னுட்டேன். தப்புதான். உன் சங்கிலி மட்டும் தனியா எதுக்கு? ஆணில மாட்டின சட்டைப் பையில சாவி இருக்கு. பீரோல இருக்கறதெல்லாம் எடு. கனி நிறைஞ்சு இருக்கட்டும்."

காலடிகள் விரைந்தன. கூடத்தில் பீரோ கிறீச்சிட்டது. "மெதுவா எடு, நான் இப்படியே இருக்கேன்" என்று மாஸ்டர் குரல் கொடுத்தார்.

கண்ணை மூடி உட்கார்ந்த சுகத்தில் தூக்கம் மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டு அதை விரட்டினார். தூக்கத்தை அவர் விரட்டியதாக இதற்கு முன் சரித்திரம் இல்லை.

வளையல்கள் கிணுகிணுத்தன. ஒரு கை அவர் உச்சந்தலையில் ஆசீர்வாதம் மாதிரி அமர்ந்து விலகியது. கண்ணைத் திறக்கச் சொல்லும் ஜாடை அதுதான் என்று மாஸ்டருக்குப் புரிந்தது. இருந்தாலும் மனசுக்குள் சாமியைக் கும்பிட்டு, வேண்டிக்கொள்ள வேண்டியதையெல்லாம் நிதானமாக வேண்டிக்கொண்டு, அதன் பிறகே கண்ணைத் திறந்தார்.

உருளிப் பாத்திரம் கொள்ளாமல் கொன்றைப்பூ. வெள்ளரி, பலா, தேங்காய், நடுவில் கண்ணாடி, கண்ணாடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அவர் முகம். தங்கத்தைத்தான் காணோம். கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதற்குள் எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது.

பரவாயில்லை. முதல் பார்வை கனியிலேயே விழுந்துவிட்டது, லீவு முழுக்க வேளாவேளைக்குச் சோறும் நிச்சயம்.

"ஓமனா, ஒத்துக்கோ. இந்த வருஷம் நான் ஜெயிச்சுட்டேன்" என்று வீடே அதிரக் கத்தினார்.

உள்ளறையிலிருந்து ஒரு நீளமான கொட்டாவியும், அதன் பின்னாலேயே குரலும் வந்தன.

"அசந்து தூங்கிட்டேன் மாஷே, இன்னும் கண்ணைத் திறக்கல, வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."