இரண்டாவது டீ

"அந்தக் கடைசி வரிசை ஆளைப் பாருங்க மார்ஜரி. ஒவ்வொரு பாயின்டுக்கும் போன்ல தட்டுறான்."

லியான் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்திப் பேசும் அளவுக்கு அங்கே கூட்டமும் இல்லை. உள்ளரங்கத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கீழே, உலக டென்னிஸ் தரவரிசையில் அறுநூற்றுச் சொச்சத்தில் இருக்கும் கேலம் ரெட்ஃபெர்ன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

போட்டி மேற்பார்வையாளர் மார்ஜரி திரும்பிப் பார்த்தார். "பொண்டாட்டிக்கு மெசேஜ் அனுப்புறானோ என்னமோ. விடு கண்ணு."

"பாயின்டுக்குப் பாயின்டா? அவ்வளவு பாசமான புருஷனை இந்த ஊர்லயே நான் பார்த்ததில்ல. பக்கத்து சீட்டைப் பாருங்க, இன்னொரு டீ. கூட்டாளி எவனோ வரப்போறான். பந்தயக் கும்பல்தான், சந்தேகமே வேணாம்."

மார்ஜரிக்கும் தெரியும். நடுவர் பதியும் ஸ்கோர் இணையத்தில் ஏறுவதற்குள் அரங்கிலிருந்து முந்திச் சொல்லிப் பணம் பார்க்கிறவர்கள், இந்த மாதிரிச் சின்னப் போட்டிகளில் ரசிகர்களைவிட அதிகம். பந்தயத்தில் தோற்றவர்கள் கேலமுக்கு விடிய விடிய எழுதுவார்கள். செத்துப் போ. உன் அம்மா சாகட்டும்.

போன வாரம் கேலம் சொல்லிவிட்டான். இந்த முதல் சுற்றிலும் தோற்றால் ராக்கெட்டை மூட்டை கட்டிவிட்டு அப்பாவோடு டைல்ஸ் ஒட்டப் போகிறானாம்.

போனால் லியானுக்கு என்ன? குடும்பத்தில் முதல் பட்டதாரி. படித்த படிப்புக்கு, கால் சென்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊராரிடம் திட்டு வாங்குகிறாள். அது முடிந்தால் அவளிடம் பேச ஒரு நாதி கிடையாது. ரசிகர்களின் இணையப் பக்கத்தில் கேலமுக்கென்று ஒரு மூலை இருந்தது. அதில் எழுதுவது இரண்டே பேர். 'செகண்ட் சர்வ்' என்ற பெயரில் இவள். 'மழை இடைவேளை' என்ற பெயரில் பிளிமத்தில் யாரோ ஒருவன்.

மூன்று வருஷப் பழக்கம். முகம் தெரியாது, நிஜப் பெயர் தெரியாது. அப்பா இறந்த அன்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, துருக்கியின் அன்டால்யாவில் கேலம் ஆடிய ஆட்டம் முழுவதையும் பாயின்ட் பாயின்டாக எழுதி அனுப்பியவன் அவன்தான். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதுவே போதுமாயிருந்தது. கேலம் ஆடுவதை நிறுத்தினால் அந்த மூலையையும் மூடிவிடுவார்கள்.

'ஒரு தடவை நேர்ல வாயேன்டா' என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டாள்.

'எனக்குக் கூட்டம்னா பயம்.'

'ஏழு பேர் கூட்டமா?'

நேற்றும் அதே கதைதான். 'நாளைக்கு எனக்கும் சேர்த்துக் கை தட்டு' என்று எழுதியிருந்தான்.

மூன்றாவது செட். கேலம் ஐந்துக்கு நான்கு என்று முந்தினான். லியான் தட்டிய தட்டில் கன்னத்தில் அறைந்த மாதிரி சத்தம் எழுந்தது. கடைசி வரிசை ஆள் அவளைப் பார்த்தான். பாதி எழுந்தான். டீ கப்பை லேசாகத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"திமிரைப் பாருங்க! என்னைப் பார்த்து இளிக்கிறான். நீங்க போறீங்களா, இல்ல நான் போய் போனைப் பிடுங்கவா?"

மார்ஜரி பெருமூச்சு விட்டுப் படியேறினார். அந்த ஆள் எழுந்து என்னவோ சொன்னான். லியான் இருந்த பக்கம் கையைக் காட்டினான். மார்ஜரி தலையை ஆட்டி மறுத்தார். லியான் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கேலம் ஜெயித்தான். முழங்காலில் உட்கார்ந்து அழுதான். கை எரிய எரியத் தட்டிவிட்டு லியான் வெளியே ஓடினாள். ஒருமுறை தன் போன் அலறி, கேலம் டபுள் ஃபால்ட் போட்டுப் பாயின்டை இழந்ததிலிருந்து அரங்கத்துக்குள் அவள் போனை அணைத்தே வைத்திருப்பாள். இப்போது அதை உயிர்ப்பித்தாள். மழை இடைவேளையிடம் முதலில் சொல்ல வேண்டும்.

பின்னாலேயே மார்ஜரி வந்தார். கையில் ஆறிப்போன டீ.

"நீ சொன்னது சரிதான் கண்ணு. ஸ்கோர் அனுப்பினதை அவனே ஒத்துக்கிட்டான்."

"நான்தான் சொன்னேனே! எந்தக் கும்பல்?"

"கும்பலா? ஏதோ ரசிகர் பக்கமாம். யாருடா அதைப் படிக்கிறான்னு கேட்டேன். ஒரே ஒருத்திதான், மேட்ச் முடிஞ்சு வெளிய வந்ததும் படிப்பாங்கிறான். ஆனா அரங்கத்துலேர்ந்து ஸ்கோர் அனுப்பக் கூடாதுங்கிறது விதிதானே? இனி எந்த அரங்கத்துலயும் காலை வைக்காதேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

லியானின் கையில் போன் வெளிச்சம் வந்தது.

"பாவம், பிளிமத்துலேர்ந்து ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்கான்." மார்ஜரி கப்பை நீட்டினார். "இது உனக்கு வாங்கினதாம். 'ஏழு பேரும் கூட்டம்தான்'னு உன்கிட்டச் சொல்லச் சொன்னான். அப்படின்னா என்ன கண்ணு?"