வெடிமருந்து வாடை

அன்னக்கொடியின் புருஷன் மாசிலாமணிக்குக் கல்குவாரி வெடியில் இரண்டு காதும் செவிடாகிப் பல வருஷம் ஆயிற்று. உதவித்தொகையைக் குறைக்க நினைத்த அரசாங்கம், கேட்கும் சக்தி மறுபடி முளைத்திருக்கிறதா என்று பார்க்க அவரை முகாமுக்கு அழைத்தது. நாற்காலிக்குப் பின்னால் ஓர் அணுகுண்டுப் பட்டாசைக் கொளுத்தினார்கள். கூரைப் புறாக்கள் பக்கத்துத் தாலுகாவுக்கே குடிபோய்விட்டன. மாசிலாமணி அசையவில்லை. புகை வந்த பிறகுதான் மெல்லத் திரும்பினார்.

"திரும்பிட்டாரே! தொகையை நிறுத்துங்க" என்றார் அதிகாரி.

"மருந்து வாடைக்குத் திரும்புனாருங்கய்யா!" என்றாள் கூட வந்திருந்த அன்னக்கொடி.

"மூக்குக்கெல்லாம் தொகை கிடையாதும்மா" என்று அதிகாரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த மாசிலாமணி முகம் மலர்ந்து, எழுந்து கும்பிட்டார். பிறகு ஊருக்கே கேட்கிற குரலில் மனைவியிடம், "ஐயா தொகையை எவ்வளவு ஏத்தியிருக்காரு, அன்னம்?" என்றார்.

பதில் சொல்லக் கையை உயர்த்திய அன்னக்கொடிக்கு, எந்த விரலை நீட்டுவதென்று தெரியவில்லை.