எழுபது தாண்டியவர்களுக்கு ஸ்கோப்பு

“இப்பல்லாம் எவனுக்கும் பொறுமை கிடையாது. மருந்தை அளந்து கொட்டு, குண்டைப் போடு, குச்சியால இடி, ஒரே ஒரு வேட்டு. தப்புனா மான் போகட்டும், அதுக்குப் பேர்தான் வேட்டை. கண்ணாடிக் குழாயை மாட்டிக்கிட்டு முன்னூறு கஜத்துல இருந்து சுடுறவன் வேட்டைக்காரன் இல்ல, சோம்பேறி.”

ஹோபர்ட் கரண்டியை மான்கறிக் கிண்ணத்துக்குள் எறிந்தார். மேசையைச் சுற்றி மற்ற மூவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மலையில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கான சீசன் மறுநாள் காலை தொடங்குகிறது. அதற்குள் லாரல் ஓடை வேட்டைச் சங்கக் குடிலில் ஒரு தீர்மானம் முடிவாக வேண்டும். குடிலுக்குச் சொந்தமான காட்டில் துப்பாக்கியில் ஸ்கோப்பு, அதாவது தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடிக் குழாய், கூடாது என்பது பழைய விதி. எழுபது தாண்டியவர்களுக்கு மட்டும் அதைத் தளர்த்தலாமா? நாலு உறுப்பினர்களில் ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் செத்தது.

கொண்டுவந்தவர் லாயிட். போன டிசம்பரில் இதே காட்டில் தோளில் குண்டடி பட்டவர். இடது கை இன்னும் காதுக்கு மேலே எழும்பாது.

“ஒருதடவை படிச்சுத்தான் பாருங்களேன்” என்று லாயிட்டின் மனைவி டார்லீன் காகிதத்தை நீட்டினார்.

“எனக்கும் படிப்புக்கும் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? நீயே படி. வேணாம், படிக்காத. இன்னைக்கு எழுபதும்பீங்க, நாளைக்கு அறுபதும்பீங்க, நாளான்னைக்கு இந்த வெண்டல் லேசர் மாட்டிக்கிட்டு வந்து நிப்பான்.”

“என்னை ஏன் இழுக்குறீங்க பெருசு?” என்றான் வெண்டல், வாயில் சோளரொட்டியோடு.

“இழுக்காம? பொடியைத் தூவத் தெரியாம மாத்திரை மாதிரி மருந்து வாங்குறவன்தானே நீ? கூர்மூக்குக் குண்டு, அதுக்கு ஒரு பிளாஸ்டிக் பாவாடை. உங்க மூணு பேர் துப்பாக்கியும் அதே கதைதான். துப்பாக்கியா, பொம்மையா அது?”

சொல்லிக்கொண்டே எழுந்து சுவரோரம் போனார். சாய்த்து வைத்திருந்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். மூன்றாவதில், மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கேப்பின்மேல், கை நின்றது.

“வெண்டல். கேப்பு இருக்கு.”

வெண்டல் ரொட்டியைக் கீழே வைத்தான்.

“கேப்போட வீட்டுக்குள்ள கொண்டுவந்து சாத்தி வச்சிருக்க. மருந்தும் உள்ள இருக்கா?” குச்சியைக் குழலுக்குள் விட்டார். முழுதாக இறங்கவில்லை, நாலு விரற்கடை வெளியே நின்றது. “இருக்கு. இடறி விழுந்தா டார்லீன் வயித்துல இறங்கியிருக்கும்.”

“காலையில குறி பாத்துட்டு மறந்துட்டேன்.”

“மறந்துட்டியா? அறுபத்திரண்டு வருசமா சிக்கிமுக்கிக் கல்லை வச்சுச் சுடுறேன். என் துப்பாக்கியால ஒரு கோழிக்குஞ்சுகூடத் தப்பாச் செத்ததில்ல. கருவி புதுசாக ஆக மனுசனுக்குப் புத்தி மழுங்குது, அவ்வளவுதான்.”

கேப்பைப் பிடுங்கி வெண்டலின் தட்டுக்குள் போட்டார். பிறகு லாயிட் பக்கம் திரும்பினார்.

“உன்னைத்தான் எனக்குப் புரியல. உன்னைச் சுட்டதே ஸ்கோப்பு வச்சவன்தான். பக்கத்து அரசாங்கக் காட்டுல எவனோ ஒரு வெளியூர்ப் பயல், அசையுறதெல்லாம் மான்னு நெனச்சு இழுத்துட்டான். நீ அவனுக்கே வக்காலத்து வாங்குற.”

“நான் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தேன் ஹோபர்ட்” என்றார் லாயிட் நிதானமாக. “ஸ்கோப்பு இருந்திருந்தா அவன் கண்ணுக்கு அது தெரிஞ்சிருக்கும்.”

“பாக்கவே இல்லங்கிறேன் அவன். குழாயில கண்ணை வச்சா குழாய்க்குள்ள இருக்கிறதுதான் தெரியும். அவன் மட்டும் என் கையில கிடைச்சிருந்தா துப்பாக்கியைப் பிடுங்கி ஓடையில வீசியிருப்பேன். சாகுற வரைக்கும் காட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க விட்டிருக்க மாட்டேன்.”

டார்லீன் பாத்திரத்தை அடுப்பில் ‘ணங்’கென்று வைத்தார். “போதும். கையைத் தூக்குறவங்க தூக்குங்க.”

டார்லீன் தூக்கினார். வெண்டல் தயங்கித் தூக்கினான். லாயிட் வலது கையைத் தூக்கினார்.

ஹோபர்ட் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“எனக்கு எழுபத்தெட்டு. இந்தச் சலுகை யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? எனக்காக எவனும் விதியை வளைக்க வேணாம்.”

“உனக்காகன்னே வச்சுக்கோ” என்றார் லாயிட். “உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இதுக்கு மட்டும் ஒத்துக்கோ. ஸ்கோப்பு நான் வாங்கித் தர்றேன்.”

“தோள்ல பட்ட அடி உனக்கு மண்டையில ஏறிடுச்சு.”

தன் நீளத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். பனிக்காற்று உள்ளே அடித்தது.

“நாளைக்கு விடியறப்ப நான் எப்பவும் உக்கார்ற பாறையிலதான் இருப்பேன். இதே துப்பாக்கியோட. நீங்க என்ன சொன்னாலும் நான் மாறுறதா இல்ல.”

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அவர் திட்டிக்கொண்டே பனியில் இறங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது.

“அந்த வெளியூர்க்காரன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்லையா?” என்று கேட்டான் வெண்டல்.

ஆறு மாதம் தோளெலும்பில் ஒட்டிக்கிடந்து, இந்தக் கோடையில்தான் டாக்டர் தோண்டி எடுத்துக் கொடுத்த ஈயக்குண்டை லாயிட் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதற்குக் கூர்மூக்கு இல்லை. அந்த மலையில் ஹோபர்ட் ஒருவர் மட்டுமே வீட்டில் ஈயத்தை உருக்கி வார்த்துக் கெட்டிக்கும் உருண்டைக் குண்டு அது.