நவம்பர் பெட்டி

அல்போன்சா பெட்டியை அப்படியே கவிழ்த்துவிட்டாள். கவர்கள் மேசை முழுக்கச் சிதறின.

நவம்பர் மாதம் இறந்தவர்களின் பெயரை எழுதிப் போடுகிற பெட்டி அது. ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள்.

அதில் போய் உயிரோடிருக்கும் அண்ணன் பெயரைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான், மாடியில் குடியிருக்கும் ஜாவித். காபூலிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்த பிள்ளை. பாவம், அவனுக்கென்ன தெரியும்!

தாலிபான் காபூலை விட்டு ஓடிவிட்டது என்று டிவியில் சொன்னதுமே கேசரி கிண்டி மாடிக்கு எடுத்துப் போனாள். இனி உன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்றாள். ஒரு வாய் தின்றுவிட்டு, சர்ச் பெட்டியில் அண்ணன் ஹமீத் பெயரைப் போட்டிருக்கிறேன் என்றான் அவன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

ஹமீத் தாலிபானை எதிர்த்து வடக்கு மலையில் சண்டை போடுகிறவன். போட்டோவில் பார்த்திருக்கிறாள். தாஜிக், ஹஸாரா, உஸ்பெக் என்று மூன்று இனத்துப் பிள்ளைகள் துப்பாக்கியை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். நம் கோயில் கமிட்டியில் தமிழும் கன்னடமும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லையே என்று அன்றைக்குச் சிரித்தாள்.

அவனுக்காக மூன்று வருடமாக வியாழன் தவறாமல் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். ஜாவித்தும் கூடவே வந்து நிற்பான். அண்ணன் எப்படியிருக்கான் என்று கேட்டால், "நல்லா இருக்கான் ஆண்டி, எல்லாம் உங்க மெழுகுவத்திதான்" என்பான்.

கவர் கிடைத்துவிட்டது. அவனுடைய கோணல் எழுத்தேதான்.

பெயர், ஹமீத்.

இறந்த தேதியை வெறுமனே விட்டிருப்பான் என்று நினைத்தாள். விடவில்லை. 1999, ஆகஸ்ட் 4.

இரண்டு வருடம்! எத்தனை வியாழன்! அடப்பாவி, என் மனசு தாங்காதென்றா இத்தனை நாளும் தனியாகச் சுமந்தாய்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியைப் பார்த்தாள். குடும்பம் என்று அச்சடித்திருந்த இடத்தில் எழுதியிருந்தான்: அல்போன்சா ஆண்டி வீடு.

தப்பாக விழுந்த கவரை எடுத்துக்கொள்ளச் சொன்னார், பெட்டியைத் திறந்து கொடுத்த உபதேசியார் டொமினிக்.

அவள் அதைப் பழையபடி மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"தப்பில்ல டொமினிக், எங்க வீட்டுப் பேருதான். கொஞ்சம் சத்தமா வாசிங்க, பையன் கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பான்."